தாத்தாவின் பெயரும் பேரனின் கோடும்

சென்ற பருவத்தில் ஒருநாள் மூன்றாமாண்டு வகுப்பில் இங்கிலாந்தின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தபோது, லிவர்பூல் நகரப் பேராலயத்தின் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். செந்நிற மணற்கல்லால் ஆன, சிறு குன்று போன்ற கட்டடம் அது. அதனை வரைந்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் போட்டியில் வென்று அந்த வேலையைப் பெற்றபோது அவருக்கு வயது 22தான் என்றும், அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் என்றும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "அப்படியென்றால் தாத்தா பேரில் கிடைத்த வேலை என்று சொல்லுங்கள் சார்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதற்குள் மணியும் அடித்துவிட்டது.

மணி அடித்தது எனக்கு வசதியாகப் போயிற்று என்பதே உண்மை. அந்த வினாவுக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. அந்த மாணவரின் தந்தையார் கொத்தனார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அவர் வீட்டிலும் மூன்று தலைமுறையாகக் கட்டட வேலைதானாம். ஆகவே அது வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அன்று. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

முதலில் அந்தத் தாத்தாவைப் பார்ப்போம். சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் 1811ஆம் ஆண்டு ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதிகளைக் கட்டித் தொழிலைத் தொடங்கியவர், முடிவில் விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே மிகுந்த வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஆனார். புதிதாகக் கட்டியவையும் பழுது பார்த்தவையுமாக எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் அவர் கை பட்டிருக்கிறது. லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் அவருடையது; ஆல்பர்ட் நினைவுச் சின்னமும் அவருடையதே. நம் நாட்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமும் ராஜாபாய் கோபுரமும் அவர் வரைந்தவை. அவற்றைக் கட்டிய இந்தியாவில் அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. வேலை எவ்வளவு பெருகிற்று என்றால், ஒருநாள் எங்கோ ஓர் ஊரில் ரயிலைவிட்டு இறங்கி, "நான் இங்கே எதற்கு வந்திருக்கிறேன்?" என்று தம் அலுவலகத்துக்கே தந்தி அடித்தாராம். இது கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறந்ததே போதும். பழைய ஆலயங்களைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லிப் பழமையையே சுரண்டி எடுத்துவிடுகிறார் என்று அவர்மீது கோபங்கொண்டுதான், 1877இல் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கமே தொடங்கினார். மறு ஆண்டு ஸ்காட் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்தப் பெரியவரின் மூத்த மகன் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இளையவர். தந்தையைவிட நுட்பமான கலைஞர் இவரே என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பேரன் ஜைல்ஸும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் அந்த நுட்பம் அவரை வாழவிடவில்லை. குடியும் சித்தப் பிரமையும் அவரைப் பற்றிக்கொண்டன. 1884இல் அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சட்டப்படி முடிவாயிற்று. அதன்பின் மருத்துவ மனைகளும் அலைச்சலுமாகக் காலம் கழிந்தது. 1897இல் அவர் உயிர் பிரிந்த இடம், தம் தந்தை கட்டிய அதே மிட்லண்ட் கிராண்ட் ஓட்டலின் ஓர் அறை. தந்தை எழுப்பிய மாளிகையில் மகன் குடித்தே அழிந்து இறப்பது, ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று நாம் குறை சொல்லக்கூடிய செய்தி. லண்டனில் அவர் கட்டிய ஆலயங்களில் கென்னிங்டனில் இருந்த புனித ஆக்னஸ் ஆலயம் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. நார்விச் நகரில் அவர் தொடங்கிய பெரிய ஆலயத்தை அவருடைய தம்பி ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் 1910இல் முடித்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் செய்வது வழக்கமாகவே இருந்தது.

தந்தை இறந்தபோது ஜைல்ஸுக்கு 16 வயது. தாம் தந்தையைப் பார்த்ததாக நினைவில் இருப்பது இரண்டே முறை என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். குலத்தொழில் கல்லாமலே வந்துவிடும் என்று நம் ஊரில் வழங்கும் பேச்சை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். யாரிடமிருந்து வரும்? இரண்டே முறை பார்த்த தந்தையிடமிருந்தா, தாம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்ட பாட்டனாரிடமிருந்தா? தொழிலைக் கண்ணில் காட்டியவர் தாயார் எல்லன். பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பழைய ஆலயங்களைப் பார்க்கவைத்தவர் அவர்தாம். கட்டடக் கலைஞர் குடும்பம் என்று எல்லோரும் பேசும்போது, கோடு போட அறியாத அந்த அம்மையாரின் பெயர் எங்கும் வருவதில்லை.

1899இல் ஜைல்ஸ் டெம்பிள் மூர் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். டெம்பிள் மூர் யாரென்றால் ஜைல்ஸின் தந்தையிடம் பயின்றவர். லிவர்பூலில் புதிதாகப் பேராலயம் எழுப்பப் போட்டி அறிவித்தார்கள். அதே நகரில் 1886இல் ஒருமுறை போட்டி நடந்து, வில்லியம் எமர்சன் என்பவர் வென்று, பிறகு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அந்த எமர்சன்தான் பின்னால் கல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபத்தை வரைந்தவர். புதிய போட்டியில் 103 பேர் கலந்துகொண்டனர். ஜைல்ஸ் பகலில் ஆசிரியரின் வேலையைப் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து தம் வரைபடங்களை வரைந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் ஒருவரானார். 1903இல் முதல்வராகவும் வந்தார். அதற்கு முன் அவர் சொந்தமாக வரைந்து செய்யப்பட்ட பொருள் புகைக்குழாய்களைச் செருகி வைக்கும் ஒரு தாங்கி மட்டும்தானாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். போட்டியின் நடுவர்கள் இருவர். ஒருவர் நார்மன் ஷா. மற்றவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் பாட்லி. இந்த பாட்லி பாட்டனார் ஸ்காட்டிடம் தொழில் பயின்ற மாணவர். அதுமட்டுமா? 1874இல் தேவாலயங்களுக்கான துணிகளும் தளவாடங்களும் செய்து விற்க "வாட்ஸ்" என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் பாட்லியும் ஒருவர், ஜைல்ஸின் தந்தையும் ஒருவர். தாத்தாவின் மாணவர், தந்தையின் கூட்டாளி, பேரனின் நடுவர்! நடுவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. நார்மன் ஷாவும் அந்த வரைபடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்தப் பையன் எந்த மொழியில் கோடு போட்டானோ, அதே மொழியில் வளர்ந்தவர் நடுவராக உட்கார்ந்திருந்தார். தாத்தா பாட்லிக்குக் கற்பித்தார். தந்தை டெம்பிள் மூருக்குக் கற்பித்தார். மூர் பேரனுக்குக் கற்பித்தார். பேரனின் தாளை பாட்லி பார்த்தார். வட்டம் சுற்றி வந்துவிட்டது. ஆகவே மாணவரே, உமது கேள்வியில் பாதி சரி. அன்று வகுப்பில் நான் சிரித்தது தவறு.

மறு பாதி இனித்தான் வருகிறது.

வென்றவர் 22 வயது இளைஞர் என்றும் அவர் ரோமன் கத்தோலிக்கர் என்றும் தெரிந்ததும் ஆலயக் குழுவினர் கலங்கிப் போனார்கள். கட்டப்போவதோ ஆங்கிலிக்கன் பேராலயம். தந்தையார் 1880இல் மதம் மாறியதால் பிள்ளைகள் கத்தோலிக்கராக வளர்ந்தவர்கள். தாத்தாவின் பெயர் போட்டியை வெல்ல உதவியிருந்தால், தந்தையின் மாற்றம் அதைப் பறித்துக்கொள்ளப் பார்த்தது என்றும் சொல்லலாம். முடிவில் பாட்லியையே அவருடன் கூட்டுக் கலைஞராக நியமித்தார்கள். 1904 ஜூலை 19ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னர் அடிக்கல் நாட்டினார்.

கூட்டு வேலை கசந்தது. பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அமெரிக்காவில் வாஷிங்டன் பேராலயத்துக்கும் அவர் வரைந்துகொண்டிருந்தார். லிவர்பூலுக்கு வருவது அருகிப் போயிற்று. ஆனால் வரைபடத்தின்மேல் அவர் கை மட்டும் ஓயவில்லை. தம் வேலை தம்முடையதாகவே இல்லை என்று நொந்துபோன ஜைல்ஸ், 1907இல் விலகிக்கொள்வதாக எழுதியே விட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் பாட்லி இறந்துபோனார். கடிதம் தேவைப்படவில்லை. 26 வயதில் பேராலயம் முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது.

இதன்பின் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். வேறொருவராக இருந்தால் பரிசு பெற்ற வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதன்படி கட்டி முடித்திருப்பார். ஊரார் ஏற்றுக்கொண்ட வரைபடம்; மன்னர் அடிக்கல் நாட்டிய வரைபடம்; கற்சுவர்களில் ஒரு பகுதி எழும்பியும்விட்டது. ஜைல்ஸ் குழுவினரிடம் சென்று, இது போதாது, முதலிலிருந்து வரைகிறேன் என்றார். தம் தாளுக்குத் தாமே சுழியம் போட்டுக்கொண்டு, மறுதேர்வு எழுத அனுமதி கேட்பது போன்றது இது. அதுவும் தம்மை முன்பே நம்பாத குழுவினரிடம்! அவர்கள் இணங்கினார்கள் என்பது அவர்களுக்கும் பெருமை. நன்கொடைப் பணத்தில் நடக்கும் வேலையில், எழும்பிய சுவருக்கு நேரே நின்றுகொண்டு திட்டத்தை மாற்றச் சம்மதிப்பது எளிதன்று. 1910 நவம்பரில் புதிய வரைபடம் ஏற்கப்பட்டது. அந்த மாதந்தான் அவருக்கு 30 வயது நிறைந்தது.

என்ன மாற்றினார்? பழைய வரைபடத்தில் இரட்டைக் கோபுரங்கள். நூறாண்டுக் காலமாக எல்லோரும் கட்டிக்கொண்டிருந்த கோதிக் முறையில், அவர் தாத்தாவே பார்த்து மெச்சக்கூடிய ஆலயம். புதியதில் நடுவே ஒரே கோபுரம். அதன் இரு பக்கத்திலும் இணை இணையாகக் குறுக்குக் கூடங்கள். கோபுரத்தின் அடியில் பெருந்திரளான மக்கள் ஒன்றாகக் கூடும்படி ஒரு மாபெரும் வெளி. சுவர்களில் வேலைப்பாடு குறைந்தது. செதுக்க வேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும் செதுக்கி, மற்ற இடங்களில் வுல்டன் குவாரியின் சிவப்புக் கல்லை வெறுங்கல்லாகவே பேசவிட்டார். அந்தக் கட்டடத்தின் ஒரு மூலையில் 1910 ஜூனில் திறக்கப்பட்ட மரியன்னை சிற்றாலயம் இருக்கிறது. அது பழைய முறையில், வேலைப்பாடு மண்டிக் கிடப்பது. படத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே, ஒரே மனிதரின் இரண்டு கைகள் தெரியும். முதல் கை தாத்தா வழியாக வந்தது. இரண்டாவது எங்கிருந்து வந்தது? பரம்பரையில் தேடினால் கிடைக்காது என்பது என் துணிபு. தாத்தா தம் கட்டடத்தையே மறந்து தந்தி அடித்தவர். பேரனோ ஒரே கட்டடத்தை 57 ஆண்டுகள் மறக்காமல் திருத்தித் திருத்தி வரைந்தவர்.

அந்த 57 ஆண்டுகளில் அவர் வேறு எதுவும் செய்யவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். டவுன்சைட் மடத்து ஆலயம், சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் சிற்றாலயம், ஸ்காட்லாந்தில் ஓபன் பேராலயம் என்று தேவாலயங்களே பல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் அவருடையது. லண்டனில் பாட்டர்சீ மின் நிலையத்தின் புறத்தோற்றமும், இன்று ஓவியக் காட்சிக்கூடமாக விளங்கும் பாங்க்சைடு மின் நிலையமும் அவர் வரைந்தவை. ஆங்கிலப் படங்களில் தெருமுனை தோறும் நாம் காணும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் வரைந்ததே. 1924இல் ஒன்று, 1935இல் சிறியதாக மற்றொன்று. உலகம் அவரை அறிந்தது இந்தக் கூண்டினால்தான். ஆனால் அந்தச் சிவப்பு அவர் கேட்ட நிறம் அன்று. வெளியே வெள்ளி நிறம் பூச வேண்டும் என்று அவர் சொன்னார். தபால் துறையார் சிவப்பைப் பூசினார்கள். பேராலயம் கட்டும் மனிதர் சாலையோரக் கூண்டும் வரைவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். புகைக்குழாய்த் தாங்கியில் தொடங்கியவருக்கு அதில் என்ன குறை?

தோல்வியும் இருந்தது. 1940இல் குண்டுவீச்சில் அழிந்த காவென்ட்ரி பேராலயத்தை மீண்டும் எழுப்பும் பணி 1942இல் அவரிடம் வந்தது. வரைந்து கொடுத்தார், பழைமைக்கும் புதுமைக்கும் இடையே அது எவருக்கும் நிறைவளிக்கவில்லை, 1947இல் விலகிக்கொண்டார். பின்னர் நடந்த போட்டியில் பேசில் ஸ்பென்ஸ் வென்று அதைக் கட்டினார். லிவர்பூலில் தம்மைத் தாமே திருத்திக்கொண்டு வென்றவருக்கு, காவென்ட்ரியில் பிறர் திருத்தச் சொன்னபோது கை வரவில்லை. இதுவும் அவர் வரலாற்றில் உள்ளதுதான். மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது பாடமாகாது.

இனி, என் மாணவருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜைல்ஸின் திறமை மெய் என்பதால் அவருக்குத் திறந்த கதவு நியாயமானது என்று ஆகிவிடாது. அவரைப்போலவே கோடு போடக்கூடிய ஒரு கல்தச்சர் மகன் அந்த லிவர்பூல் குவாரியிலேயே கல் உடைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அவன் வீட்டிலும் மூன்று தலைமுறைக் கட்டட வேலைதான். ஆனால் கல்லைச் செதுக்கும் பரம்பரை வரைபலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. வரைபலகைப் பரம்பரைதான் வரைபலகைக்குச் சேர்க்கிறது. தாத்தா ஸ்காட் ஒரு கட்டடக் கலைஞரின் மகன் அல்லர் என்பதை மேலே சொன்னேன். பாதிரியாரின் மகனுக்கு எழுத்தும் படிப்பும் இருந்தன, வெளியிலிருந்து வந்தவர் உள்ளே நுழைந்துவிட்டார். அந்த அளவுகூட இல்லாதவர்கள் வெளியிலேயே நின்றார்கள். ஜைல்ஸ்மீது பொறாமைப்படுவதில் பயன் இல்லை. அந்த வாசற்படியின்மீது கோபப்பட நியாயம் உண்டு. நீர் கோபப்படலாம். ஆனால் கதவு திறந்தபின் உள்ளே போனவர்கள் எல்லாரும் 1910இல் ஜைல்ஸ் செய்ததைச் செய்துவிடுவதில்லை என்பதையும் பாரும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் கிடைத்த வரைபடத்தை அப்படியே கட்டிவிட்டுப் போகிறவர்கள்.

பேராலயத்தின் ஒரு பகுதி 1924இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆண்டே அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் குண்டுவீச்சில் மரியன்னை சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் சிதறிப் போயின. வேலை நிற்கவில்லை. 1942 பிப்ரவரி 20ஆம் நாள், 61 வயதில், 331 அடி உயரக் கோபுரத்தின் உச்சியில் கடைசிக் கல்லைத் தம் கையாலேயே வைத்தார். ஆலயத்தின் மறுமுனை அப்போது வெறும் தரை. அது முழுவதும் கட்டி முடிந்தது 1978இல். அடிக்கல் நாட்டி 74 ஆண்டுகள் கழித்து. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நகரில், அதே ஹோப் தெருவின் மறுகோடியில், கத்தோலிக்கரின் பேராலயம் 1967இல் எழுந்தது. அதை வரைந்த ஃபிரெடரிக் கிபர்ட் கத்தோலிக்கர் அல்லர். தெருவின் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள்.

1960ஆம் ஆண்டு தொடக்கத்தில் நுரையீரல் புற்றுநோயோடு ஜைல்ஸ் லண்டன் மருத்துவ மனைக்குப் போனார். போகும்போது பிளிமத் நகரில் கட்டவிருந்த ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் வரைபடங்களையும் எடுத்துப்போனார். படுக்கையில் கிடந்தபடி அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். பிப்ரவரி 8ஆம் நாள் இறந்தார், வயது 79.

வெஸ்ட்மின்ஸ்டரில் தாத்தாவுக்குக் கிடைத்த இடம் பேரனுக்குக் கிடைக்கவில்லை. கத்தோலிக்கர் ஆகையால், தாம் கட்டிய பேராலயத்தின் உள்ளேயும் அவரைப் புதைக்க முடியவில்லை. மேற்கு வாயிலுக்கு வெளியே, மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் வரைந்திருந்தபடி கட்டியிருந்தால் அந்த இடம் ஒரு முகமண்டபத்தின் கூரைக்கு அடியில் வந்திருக்கும். பணம் போதாமல் மேற்கு முகப்பைச் சுருக்கிக் கட்டியதால் கல்லறை வெட்டவெளியில் நின்றது. பிறகு கார்கள் வந்துபோகும் பாதைக்கு அடியில் மறைந்தும் போயிற்று. 2012இல் பாதையைத் திருப்பிவிட்டு, கல்லறையைச் சீர்செய்து, அதன்மேல் மீண்டும் கல் பதித்தார்கள்.